படிக்கு ஒரு பாட்டு, தாளுக்கு ஒரு எண்

எங்கள் வீட்டுப் பரணில் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்று இருக்கிறது. கல்யாணப் பட்டு வந்த பெட்டி. பட்டு பீரோவுக்குப் போய்விட்டது. இருபது வருடமாகப் பெட்டியில் இருப்பவை காலண்டர் தாள்கள். தினசரிக் காலண்டரில் ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் போக மிச்சமிருக்கும் ஓர் அங்குலத்தில் ஒரு பொன்மொழி அச்சாகியிருக்குமே, அதற்காகக் கிழித்துச் சேர்த்தவை. இடையிடையே வாரப் பத்திரிகைத் துணுக்குகள், பேருந்துச் சீட்டின் பின்பக்கம் கிறுக்கியவை, லாரியின் முதுகில் படித்ததை உள்ளங்கையில் குறித்து வந்து வீட்டில் பெயர்த்தெழுதியவை. ஆந்திர எல்லையோரத்துத் திருத்தணி வீடு என்பதால் தெலுங்குத் தாள்களும் கலந்திருக்கும். நகரிப் பக்கத்துக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுக்கும் காலண்டர் தெலுங்கில்தான் இருக்கும்.

போன ஆடிக் கிருத்திகைக்கு வந்த அக்கா மகள் அந்தப் பெட்டியை இறக்கச் சொன்னாள். பாட்டிக்கு எண்பது நிறைகிறது. பழைய புகைப்படங்களை ஒட்டி ஒரு ஸ்கிராப் புக் செய்கிறாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வரி வேண்டும்.

"மாமா, பாட்டி கெணத்துல தண்ணி சேந்துற போட்டோ ஒண்ணு இருக்கு. தண்ணியப் பத்தி எதாவது இருக்கா?"

இருந்தது. மூன்று நான்கு இருக்கும் என்று நன்றாகவே நினைவு. எங்கே என்பதுதான் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரம் தரையில் தாள்களைப் பரப்பிப் பார்த்தோம். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தேடியதில் வியர்த்ததுதான் மிச்சம். அவள் கைப்பேசியை எடுத்து அரை நிமிடத்தில் எதையோ கண்டுபிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் உறைத்தது, திரட்டுவது ஒரு வேலை, அடுக்குவது முற்றிலும் வேறு வேலை என்று. திருத்தணிக்காரனுக்கு இது இவ்வளவு தாமதமாகத் தெரிந்திருக்கக் கூடாது. இந்த ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு குடும்பத்தில் முதல் வேலையை அப்பாவும் இரண்டாவது வேலையைப் பிள்ளையும் செய்து காட்டியிருக்கிறார்கள்.

அப்பா வ.த. சுப்பிரமணிய பிள்ளை. நீதித்துறையில் முன்சீப்பாக இருந்தவர். அருணகிரிநாதரின் திருப்புகழ் ஏடுகளிலும் சிலர் வாயிலும் சிதறிக் கிடந்த காலத்தில் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, 1890களில் முதல் பகுதியையும் பின்னர் அடுத்ததையும் அச்சேற்றினார். இன்று நமக்குக் கிடைக்கும் ஆயிரத்து முந்நூறு சொச்சம் திருப்புகழ்ப் பாடல்களுக்கு அடித்தளம் அந்தத் திரட்டுதான். பிள்ளை வ.சு. செங்கல்வராய பிள்ளை, 1883இல் பிறந்தவர். செங்கல்வராயன் என்பதே தணிகை முருகனின் பெயர். அது போதாதென்று 'தணிகைமணி' என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. அப்பா சேர்த்த பாடல்களுக்கு உரை எழுதினார். சைவத் திருமுறைகளைப் போல முருகனுக்கும் பன்னிரண்டு திருமுறை என்று நூல்களை வகுத்தார். ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அவருடைய 'ஒளிநெறி' வரிசைதான்.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவர் தேவாரத்துக்கும், திருவாசகத்துக்கும், திருக்கோவையாருக்கும் அவர் ஒளிநெறி செய்திருக்கிறார். பெயரைப் பார்த்து உரைநூல் என்று நினைத்துக் கையில் எடுப்பவர் ஏமாந்துபோவார். உள்ளே இருப்பது தலைப்புகள், தலைப்புகளுக்குக் கீழே குறிப்புகள், எண்கள். இந்தப் பொருளைப் பற்றி இந்தப் பதிகத்தில் இந்தப் பாட்டில் வருகிறது என்ற சுட்டல். பாடல்களை அவர் இடம் மாற்றவில்லை, அவை திருமுறையில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் வழிகளைத்தான் நூற்றுக்கணக்கில் வெட்டித் தந்தார். கணினி இல்லாத காலத்தில், தனி ஒருவராக.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கொரு சொந்த ஊகம் உண்டு. அவர் வேலை பார்த்தது பத்திரப் பதிவுத் துறையில். பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலப் பத்திரம் 'புத்தகம் 1'இல் ஒரே ஒருமுறைதான் ஏறுகிறது. ஆனால் அதைத் தேட 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இரண்டு அட்டவணைகளைக் கேட்கிறது. முதல் அட்டவணை ஆட்களின் பெயரால், இரண்டாவது சொத்தின் விவரத்தால். விற்றவர் பெயர் தெரிந்தால் ஒரு வழி, சர்வே எண் தெரிந்தால் இன்னொரு வழி, போய்ச் சேரும் பக்கம் ஒன்றுதான். பகலெல்லாம் இதையே பார்த்த மனிதர் இரவில் தேவாரத்தைத் திறந்தால் வேறெப்படித் திறப்பார்?

என் அட்டைப்பெட்டியின் நோயும் இதில்தான் பிடிபட்டது. இடையில் ஒருமுறை பெட்டிக்குள் உறைகள் வைத்து வகை பிரித்துப் பார்த்திருக்கிறேன்: அன்பு, உழைப்பு, காலம், கடவுள். ஒரு வாரம் தாங்கியது. அன்போடு உழைப்பவனுக்குக் கடவுள் காலத்தில் உதவுவார் என்கிற மாதிரி ஒரு தாள் வந்ததும் நான்கு உறைகளும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. தாள் ஒன்று, அதற்கு உரிய வகையோ நான்கு. காகிதம் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும் என்பது இயற்பியல். அந்த விதியோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, தாள் எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும், அதற்கொரு எண்ணை மட்டும் போடு, வகைகளை வேறொரு நோட்டில் எழுது என்பதுதான் அட்டவணையின் தந்திரம். இடமும் வழியும் பிரிந்துவிடுகின்றன.

தேவாரத்துக்கே இந்தச் சிக்கல் வந்திருக்கிறது. ஏறத்தாழ எண்ணூறு பதிகங்களைப் பண் வாரியாக அடுக்குவது ஒரு முறை, தலம் வாரியாக அடுக்குவது இன்னொரு முறை. பண்முறை, தலமுறை என்று இரண்டு விதத்திலும் பதிப்புகள் உண்டு. ஓதுவாருக்கு முதலாவது வேண்டும். பகற்பண்ணா, இரவுப் பண்ணா என்று பார்த்துப் பாட வேண்டியவர் அவர். கோயில் கோயிலாகப் போகும் யாத்திரிகருக்கு இரண்டாவது. எது சரி என்று கேட்பதில் பொருளில்லை, யார் எதை நினைத்துக்கொண்டு வருகிறார் என்றுதான் கேட்க வேண்டும்.

அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மன் செய்தது இதைவிடக் குறும்பான காரியம். நானூறு பாட்டுக்கும் எண்ணிலேயே திணையை ஒளித்துவைத்துவிட்டார். ஒற்றைப்படை எண்ணா? பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிந்தால் குறிஞ்சி. நாலு என்றால் முல்லை, ஆறு என்றால் மருதம், பத்து பத்தாக வருவது நெய்தல். 237ஆவது பாட்டு என்று யாராவது சொன்னால், புத்தகத்தைத் திறக்காமலேயே அது பாலைத்திணை, பிரிவைப் பற்றியது என்று சொல்லிவிடலாம். கூட்டிப் பாருங்கள்: பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. எண்ணே முகவரியாக இருக்கும் இந்த ஏற்பாட்டைப் பார்த்தால் இன்றைய கணினிக்காரர்கள் கைகுலுக்குவார்கள். குறையும் உண்டு: நானூற்று ஒன்றாவது பாட்டு கிடைத்து, அது முல்லையாக இருந்துவிட்டால் எல்லாம் கலைந்துபோகும். வளர்ந்துகொண்டே இருக்கும் என்னுடையது போன்ற பெட்டிக்கு இது உதவாது. கதவைச் சாத்திவிட்ட தொகுப்புக்கு மட்டுமே ஏற்ற அழகு.

மேற்கோள் திரட்டு என்றே சொல்லத்தக்க ஒன்று தமிழில் இருக்கிறது: புறத்திரட்டு. பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் யாரோ ஒருவர் தமக்குப் பிடித்த 1,570 பாடல்களைப் பல நூல்களிலிருந்து பொறுக்கி, திருக்குறளின் அதிகாரங்களைப் போலத் தலைப்பிட்டு அடுக்கிவைத்தார். பொறுக்கியவர் தம் பெயரை எழுதவில்லை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றைச் செய்தார். பாடலை எந்த நூலிலிருந்து எடுத்தார் என்று குறித்தார். பின்னால் அந்த நூல்களில் சில அழிந்தன. முத்தொள்ளாயிரம் முழுசாக நமக்கு இல்லை. கையில் இருக்கும் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் புறத்திரட்டில் ஒட்டிக்கொண்டு வந்தவை. தகடூர் யாத்திரையும் அப்படித்தான், துண்டு துண்டாக. 1938இல் எஸ். வையாபுரிப் பிள்ளை அதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பதிப்பித்தபோது, ஒருவருடைய சொந்த ரசனை நோட்டு ஒரு இலக்கியத்தின் மிச்சத்தைக் காப்பாற்றியிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

'எடுத்த இடம்' என்ற அந்தச் சின்னக் குறிப்பு என் பெட்டியில் கிடையாது. அதன் பலன்: ஒரே வரி ஒரு தாளில் ஒரு துறவி பெயரிலும் இன்னொரு தாளில் ஒரு விஞ்ஞானி பெயரிலும் இருக்கிறது. இருவருமே அதைச் சொல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். காலண்டர் அச்சடிப்பவருக்கு 365 வரி வேண்டும், 365 பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

எண் போட்டாயிற்று, தலைப்பு நோட்டும் வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தலைப்புகளை எந்த வரிசையில் எழுதுவது? அகர வரிசை என்று உடனே சொல்வோம். தமிழில் அது அவ்வளவு பழைய பழக்கம் அல்ல. நிகண்டுகள் பொருள் வாரியாக இருந்தன. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகைப்படி, அதாவது இரண்டாவது எழுத்தின்படி அடுக்கப்பட்டது. ஏட்டைப் புரட்டாமல் மனப்பாடத்தில் தேடுகிறவனுக்கு ஓசைதான் கைப்பிடி என்பதால் அந்த ஏற்பாடு. சிதம்பரம் ரேவண சித்தர் 1594இல் செய்த அகராதி நிகண்டில்தான் முதல் எழுத்து வரிசை வருகிறது. காதுக்காக அடுக்கியதைக் கண்ணுக்காக அடுக்கத் தொடங்கிய இடம் என்று அதைச் சொல்லலாம்.

இங்கே இங்கிலாந்துக்காரர் ஒருவரை அழைத்து வர வேண்டியிருக்கிறது. மெய்யியலாளர் ஜான் லாக் தம் மேற்கோள் நோட்டுகளுக்கு ஒரு அட்டவணை முறை கண்டுபிடித்து, 1686இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அட்டவணைக்கு இரண்டே பக்கம். இருபது எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயிர்கள், ஆக நூறு கட்டங்கள். தலைப்பின் முதல் எழுத்தையும் அதன்பின் வரும் முதல் உயிரையும் பார்த்து உரிய கட்டத்தில் பக்க எண்ணை எழுத வேண்டும். ஆயிரம் மேற்கோள் இருந்தாலும் சராசரியாகக் கட்டத்துக்குப் பத்து. பத்தைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பது சிரமமில்லை. ஐரோப்பிய அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கையாண்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மெய்யையும் உயிரையும் சேர்த்துப் பார்க்க லாக் ஒரு முறையையே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நமக்கோ 'கி' என்று எழுதினாலே இரண்டும் வந்துவிடுகின்றன. உயிர்மெய் என்பதே லாக்கின் கட்டம்தான். இன்னும் ஒரு வேடிக்கை. தொல்காப்பியம் சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகளை வரையறுக்கிறது. உயிர் 12. க, த, ந, ப, ம வரிசைகள் ஐந்துக்குப் பன்னிரண்டு வீதம் 60. சகர வரிசையில் 9, வகரத்தில் 8, ஞகரத்தில் 3, யகரத்தில் 1. ஆக 93, குற்றியலுகரத்தையும் சேர்த்தால் 94. லாக்கின் நூறுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது! சக்கரம், ரயில், லட்டு எல்லாம் வந்து சேர்ந்துவிட்ட இன்றைய தமிழுக்கு இன்னும் சில கட்டங்கள் கூடும். நாற்பது தாள் நோட்டு ஒன்று போதும்.

தெலுங்குத் தாள்களை என்ன செய்வது என்பதுதான் எல்லையோரத்துக் கவலை. திருத்தணி 1953 வரை சென்னை மாநிலம், பிறகு ஆந்திரம், ம.பொ.சி. முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று மறுபடி சென்னை மாநிலம். நிலத்துக்குக் கோடு போட்டார்கள். எழுத்துக்குப் போட வேண்டியதில்லை. தெலுங்கிலும் அ, ஆ, இ, ஈ என்றுதான் உயிர் தொடங்குகிறது, க வரிசையில்தான் மெய் தொடங்குகிறது. தெலுங்குக் கவி வேமனர் பெயரில் வந்த தாளை 'வே' பக்கத்தில் தமிழ்த் தாளோடு கூசாமல் குறிக்கலாம். க, க்ஹ, க, க்ஹ என்று அவர்கள் நான்காகப் பிரித்துச் சொல்வதை எல்லாம் நம் ஒரே 'க' தாங்கிக்கொள்ளும்.

அகர வரிசையால் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அக்கா மகள் 'தண்ணி' என்று கேட்கிறாள். நான் 'நீர்' என்று எழுதியிருக்கலாம், 'மழை' என்று எழுதியிருக்கலாம், 'கிணறு' என்றும் எழுதியிருக்கலாம். மாட்டிய கொக்கியும் எடுக்க வரும் கையும் ஒத்துப்போக வேண்டும். உளவியலாளர் எண்டல் டல்விங்கும் டொனால்டு தாம்சனும் 1973இல் மனித நினைவைப் பற்றிச் சொன்னதும் இதுவே: ஒரு விஷயத்தை மனதில் பதிக்கும்போது கூடவே பதிந்த குறிப்புதான் பின்னால் அதை வெளியே இழுக்க உதவும், பொதுவாகப் பொருத்தமான வேறு குறிப்பு அந்த அளவுக்கு உதவாது. ஆகவே தலைப்பை, வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்து மட்டும் வைத்தால் போதாது. எந்த நாளில், யாருக்காக இதைத் தேடி வருவேன் என்று நினைத்தும் வைக்க வேண்டும்.

ஒரு பொருளைப் பல முகமாகப் பார்ப்பதை முறையாகச் செய்தவர் நம்மூர்க்காரர். சம்பந்தர் பிறந்த அதே சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, படிப்புக்காக லண்டன் போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட இரும்புப் பட்டைகள், திருகுகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டி, பாலம், பளுதூக்கி எதுவும் ஆகும். நூல்களுக்கும் ஆயத்த அறைகள் எதற்கு, துண்டுகளைக் கொடுத்தால் தேவைக்கேற்பப் பூட்டிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறையில் திருகின் வேலையைச் செய்வது முக்காற்புள்ளி. ஒரு நூலின் முதன்மைப் பொருள், பண்டம், செயல், இடம், காலம் என்று முகங்களைத் தனித்தனியாகக் குறித்துப் பூட்டுவார்.

ஸ்கிராப் புக்குக்கு இவ்வளவு தேவையா என்றால், தேவையில்லை. ஆனால் தாளின் பின்பக்கம் நான்கு முகங்களை எழுதிப் பார்த்தேன்: எதைப் பற்றி, யார் சொன்னதாக, எங்கே எடுத்தது, எந்தச் சந்தர்ப்பத்துக்கு. கடைசி முகம்தான் பொக்கிஷம். 'வழியனுப்பும்போது', 'புது வீடு', 'தேறாமல் போனவனுக்கு' என்றெல்லாம் எழுத ஆரம்பித்ததும் பெட்டியிலிருந்த பாதித் தாள்கள் தங்களுக்குப் பொருத்தமான ஆளைத் தாங்களே தேடிக்கொண்டன.

நோட்டே இல்லாமல் தேடும் வழியும் ஒன்று உண்டு. அதற்கு எங்கள் ஊர் மலைப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருத்தணிக்கு 365 படி; ஆண்டின் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி என்று சொல்வார்கள். டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழா. வெள்ளைக்காரத் துரைகளுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வரிசையில் நிற்பதற்குப் பதில் தணிகைத் துரைக்குச் சொல்லலாமே என்று, 1910களின் இறுதியில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. மஞ்சள், குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, படிக்கு ஒரு திருப்புகழ் பாடி ஏறுவார்கள். பஜனைக் குழுக்களோடு ஏறும்போது கவனித்திருக்கிறேன், புத்தகம் இல்லாமல் பாடுகிற வயதானவர்கள் இருக்கிறார்கள்.

நினைவுக் கலையின் மிகப் பழைய உத்திகளில் ஒன்று இடத்தோடு கட்டிவைப்பது. கிரேக்கர்கள் மாளிகை அறைகளில் வைத்தார்கள். மனக்கண்ணால் மறுபடி நடந்தால் போதும், வைத்தது வைத்த இடத்தில் கிடக்கும். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற, கடல்குதிரைப் பெயர் கொண்ட பகுதியில், எலி ஓர் இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை 1971இல் ஜான் ஓ'கீஃப் அறிவித்தார். 2005இல் மோசர் தம்பதியர் இடத்தைக் கட்டம் போட்டு அளக்கும் செல்களைக் கண்டனர். 2014இல் மூவருக்கும் நோபல். லண்டனில் எலினார் மக்வையர் குழு 2003இல் நினைவாற்றல் போட்டிகளில் புகழ்பெற்றவர்கள் முதலான பத்துப் பேரை ஆராய்ந்தபோது, அவர்கள் மூளையின் அமைப்பு மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை. பத்தில் ஒன்பது பேர் இடத்தோடு கட்டும் உத்தியைக் கையாண்டார்கள், அவ்வளவே. வழி தேடுவதற்காக உண்டான உறுப்பு, வார்த்தை தேடவும் ஒத்துழைக்கிறது.

நானும் முயன்றேன். பன்னிரண்டு வரிகளை எடுத்துக்கொண்டு மலையேறினேன். செருப்பு விடும் இடத்தில் ஒன்று, பூக்கடையில் ஒன்று, முதல் மண்டபத்துத் தூணில் ஒன்று, திரும்பினால் ஊர் முழுக்கத் தெரியும் திருப்பத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டே போனேன். மறுநாள் வீட்டில் உட்கார்ந்து மனதால் ஏறியதில் பதினொன்று வந்துவிட்டன. வராத ஒன்றை நான் சுக்குக்காப்பி விற்ற அம்மாளின் கூடையில் வைத்திருந்தேன். அடுத்த முறை போனபோது அவர் அங்கே இல்லை, வரியும் இல்லை. கல்லில் வைத்திருக்க வேண்டும்.

ஸ்கிராப் புக்கில் ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. காலண்டர் தாளும் செய்தித்தாளும் பெரும்பாலும் மரத்தை இயந்திரத்தில் அரைத்த கூழால் செய்தவை. மரத்திலிருக்கும் லிக்னின் நீங்காததால் வெளிச்சம் பட்டால் பழுப்பேறும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பசை பழுத்துத் தாளையும் கறைப்படுத்தும். பழைய ஆவணங்களைப் பேணுகிறவர்கள் மாவுப் பசையைத்தான் விரும்புகிறார்கள், ஈரம் காட்டினால் உரிந்துவரும் என்பதால். ராமபாணப் பூச்சிக்கும் அது பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அட்டவணை போட்டு முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. தாள்களை வகைப்படுத்தவே இல்லை. கைக்கு வந்த வரிசையில் எண் போட்டேன். நோட்டில் 'த' பக்கத்தில் 'தண்ணீர்: கிணறு, மழை காண்க' என்று எழுதினேன். கார்த்திகைக்கு வந்த அக்கா மகள் விரலால் ஓட்டி மூன்று எண்களைப் பிடித்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றில் ஒன்று தெலுங்கு. எனக்குத் தெலுங்கு பேச வரும், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். நீள்ளு (தண்ணீர்), பாவி (கிணறு) என்று இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு 'கிணறு' என்று தலைப்பிட்டிருந்தேன்.

அம்மா பள்ளிக்கூடம் போன வருடங்களில் ஊர் ஆந்திரத்தில் இருந்தது. தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தடையில்லாமல் படித்தாள். ஒருமுறை தனக்குள், ஒருமுறை எங்களுக்கு.

"இது கெணத்தப் பத்தி இல்லடா. கயித்தப் பத்தி."

புகைப்படத்தை எடுத்துப் பார்த்தோம். கிணறு பாதிதான் விழுந்திருந்தது, தண்ணீர் தெரியவே இல்லை. படம் முழுக்கக் கயிறும் அதைப் பிடித்த இரண்டு கைகளும். நோட்டை எடுத்து 'கிணறு' பக்கத்தில் அந்த எண்ணை அடித்தேன். 'க' பக்கம் நிரம்பியிருந்தது. ஓரத்தில் இடம் பார்த்து, 'கயிறு' என்று எழுதினேன்.